ஆறு பேரும் ஒரு கிடாவும்

"மொத்தம் எத்தனை பேர் சார் போவீங்க?" என்று கேட்டான் கிளாட்வின். மதுரையிலிருந்து கார் விற்க வந்திருந்தவன்.

"ஆறு பேரு, ஒரு கிடா" என்றார் சமுத்திரம்.

கிளாட்வின் கையிலிருந்த டேப்லெட்டில் ஆறு என்று தட்டிவிட்டு விரலை அப்படியே நிறுத்தினான். பயிற்சியில் எல்லாம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தை இருந்தால் என்ன பேச வேண்டும், முழங்கால் வலிக்காரர் இருந்தால் என்ன பேச வேண்டும், நாய் வளர்ப்பவர்களிடம் என்ன பேச வேண்டும் என்று வரிசையாக இருந்தது. கிடாவுக்கு ஒன்றும் இல்லை.

"வருசத்துக்கு ஒருக்காத்தான் தம்பி, குலசாமி கோயிலுக்கு" என்று சமாதானம் சொன்னான் சமுத்திரத்தின் மகன் ராம்குமார். "போகும்போதுதான் ஆடா வரும். வரும்போது கறியா தூக்குவாளியில வந்துரும்."

"அப்போ செவன் சீட்டர் கரெக்டா இருக்கும் சார்" என்றான் கிளாட்வின். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை. இரண்டும் மூன்று வரிசை சீட்டு வைத்த பெரிய இடத்துக் கார்கள். தெருவே அடைத்துப்போனது. தண்ணீர் லாரிக்காரன் ஆரன் அடித்து அடித்து ஓய்ந்து, திட்டிக்கொண்டே வேறு தெருவுக்குப் போனான். ராம்குமாருக்குத் தளவாய்புரத்தில் நைட்டி கம்பெனி. அங்கே எதிர்க் கம்பெனிக்காரன் போன மாதம் ஒரு பெரிய காரில் வந்து இறங்கி, இறங்கிய பிறகும் கதவைச் சாத்தாமல் அதிலே கையை ஊன்றிக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றானாம். அன்றிலிருந்து ராம்குமாருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆளாளுக்கு ஏறி இறங்கிப் பார்த்தார்கள். ராம்குமாருக்குக் கருப்புதான் பிடித்தது. கூரை முழுக்கக் கண்ணாடி, முன்னால் டீவி அகலத்துக்குத் திரை. சமுத்திரத்துக்கும் கருப்புதான். கதவைத் திறந்ததும் படி தானாக வெளியே வந்து, வேட்டியைத் தூக்காமல் ஏற முடிந்தது. ராம்குமாரின் அக்கா வெள்ளத்தாய் கருப்பின் நடுச் சீட்டில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினாள். சீட்டு அவள் முதுகை அமுக்கிவிட ஆரம்பித்தது. "ஏ அப்பா!" என்றவள் கால் மணி நேரம் இறங்கவில்லை. அவள் புருஷன் ஐயாதுரைக்கு வெள்ளத்தாய்க்குப் பிடித்தது பிடிக்கும், கேள்வியே கிடையாது.

வெள்ளத்தாய் கட்டிக்கொடுத்து அடுத்த வீட்டுக்குப் போனவள்தான். ஆனால் கம்பெனி போர்டில் 'வெள்ளத்தாய் நைட்டீஸ்' என்று இருப்பது அவள் பெயர். அப்பா, தம்பி இரண்டு பேரும் அவளைக் கேட்காமல் ஒரு பாவாடை நாடாகூட வாங்க மாட்டார்கள். இப்படியாக அவள் சீட்டை விட்டு இறங்குமுன்பே காரும் முடிவாகிப்போனது.

யோகேஸ்வரியை மட்டும் யாரும் கேட்கவில்லை. ராம்குமாரின் மனைவி. கேட்காவிட்டால் என்ன, அவள் பாட்டுக்கு இரண்டு காரிலும் ஏறிப் பார்த்தாள். மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இடத்துக்குப் போனாள். மூன்றாவது வரிசைக்கு.

ஏனென்றால் அதுதான் அவள் இடம். கல்யாணமாகி வந்த பதினாலு வருஷமாக அவள் இடம். வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியில் பின்னால் எதிரெதிராக இரண்டு பலகைச் சீட்டு உண்டு. ஒன்றில் மூட்டை முடிச்சும் புளியோதரைச் சட்டியும். இன்னொன்றில் யோகேஸ்வரி. குலசாமி கோயிலுக்குப் போகும்போது நடுவில் கிடா. மகள் சிவரஞ்சனி மடியில் இருந்த காலத்தில் அவளும் சேர்த்தி. அங்கே காற்று வராது, முன்னால் வருவது தெரியாது, கடந்து போனதுதான் தெரியும். வண்டி திருப்பத்துக்குத் திருப்பம் அவளுக்குக் குமட்டும். இடுப்பில் ஓர் எலுமிச்சம்பழமும் கையில் ஒரு கேரிபேக்கும் இல்லாமல் அவள் வண்டியேறியதே இல்லை.

சொல்லாமல் இல்லை. முதல் வருஷமே சொன்னாள். "செத்த நேரம்தானட்டி, பொறுத்துக்க" என்றாள் வெள்ளத்தாய். "இந்தா வந்துருச்சு" என்றான் ராம்குமார். அவன் அதைச் சொன்னபோது வண்டி சங்கரன்கோவிலைக்கூடத் தாண்டவில்லை. போகிற இடமோ திருச்செந்தூர். அதன் பிறகு வருஷா வருஷம் அவளும் சொல்வாள், அவர்களும் அதையே சொல்வார்கள்.

கருப்புக் காரின் மூன்றாவது வரிசை எப்படி இருந்தது என்று கேளுங்கள். நடுச் சீட்டை மடக்கி, குனிந்து, பக்கவாட்டில் நுழைந்து, ஒரு காலை முதலில் அனுப்பி, மற்றதைக் கையால் தூக்கி உள்ளே போட வேண்டும். உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடித்தது. ஏ.சி. காற்று வரும் ஓட்டை இல்லை. ஜன்னல் உள்ளங்கை அகலம். இத்தனை பெரிய கார் செய்த மகராசன் கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் இரண்டு திண்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

வெள்ளைக் காரில் நடுவில் இரண்டு தனித்தனிச் சீட்டுதான். நடுவே நடந்தே பின்னால் போகலாம். பின்னால் மூன்று பேருக்கு இடம், காலை நீட்டலாம், தலைக்கு மேலே காற்று, பக்கத்தில் முழு ஜன்னல். யோகேஸ்வரி அதில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. கார் சீட்டுக்கெல்லாமா ஒருத்தி அழுவாள் என்று கேட்பவர்கள் பதினாலு வருஷம் பலகைச் சீட்டில் போய்விட்டு வந்து கேட்கட்டும்.

ராத்திரிச் சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, வெள்ளை நல்லாருக்கே. பின் சீட்டுலகூடக் காத்து வருது."

"பின் சீட்டுல யாரு இருக்கப் போறா?" என்றான் ராம்குமார், நிஜமாகவே தெரியாமல். பிறகு ஞாபகம் வந்து, "அட, வருசத்துக்கு நாலு தடவ. செத்த நேரம்தான்" என்று ரசத்தை உறிஞ்சினான். "கருப்புதான். வெள்ளிக்கிழமை குலசாமிக்கு கிடா வெட்டுதோம்ல, கிளாட்வின் அந்தக் கருப்பையே டெஸ்ட் டிரைவுக்குக் கொண்டாரேன்னான். அதுலயே போயி, சாமிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு அட்வான்ஸ் குடுத்துருவோம்."

இந்த இடத்தில் அந்த வீட்டு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெரிய சாமான் எதுவானாலும் இருளப்பசாமி சம்மதம் இல்லாமல் வாங்க மாட்டார்கள். வெட்டப்போகும் கிடாவைச் சாமி முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டு, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார் பூசாரி. கிடா உடம்பை உதறித் துலுக்கினால் சாமி சரி என்கிறது. துலுக்காவிட்டால் வேண்டாம் என்கிறது. முப்பது தையல் மிஷின் அப்படித்தான் வந்தது. கொல்லையை அடுத்திருந்த மனை அப்படித்தான் வராமல் போனது. பின்னாலே அந்த மனை வில்லங்கம் என்று தெரிந்து ஊரே இருளப்பசாமியைக் கையெடுத்துக் கும்பிட்டது.

ராம்குமார் அதைச் சொன்னதும் யோகேஸ்வரி கையிலிருந்த அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றது.

சங்கதி என்னவென்றால், கொல்லையில் கட்டிக் கிடக்கிற செவலைக் கிடாவை எட்டு மாதமாக வளர்ப்பது அவள்தான். பக்கத்திலேயே நைட்டி பண்டல் அடுக்கியிருப்பதால் ஆட்டு வாடை துணியில் ஏறக்கூடாது என்று வெள்ளத்தாய் உத்தரவு. அதனால் தினமும் ஓஸ் பைப் பிடித்து அதைக் குளிப்பாட்டுவாள். எந்த ஆடாவது தண்ணீருக்கு நிற்குமா? இது நிற்கும். பழகிவிட்டது. தலையில் ஊற்றினாலும் கண்ணைச் சொக்கிக்கொண்டு கல்லு மாதிரி நிற்கும். ஆனால் காதுக்குள் தண்ணீர் தங்கிவிடுமே என்று கடைசியில் அவள் குனிந்து, இடது காதில் 'ப்பூ' என்று ஒரு ஊது ஊதுவாள். அவ்வளவுதான். தலையிலிருந்து வால்வரைக்கும் ஒரு துலுக்கு துலுக்கும் பாருங்கள், அவளும் சேர்ந்து குளித்துவிடுவாள். எட்டு மாதமாகத் தினமும் இதுதான் நடக்கிறது. தண்ணீர் ஊற்றினால் நிற்கும். ஊதினால் துலுக்கும்.

"சாமிகிட்டயேவா வெளையாடுத?" என்று அன்றைக்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை, பாவம் என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை முழங்காலைத் தாடையில் வைத்து உட்கார்ந்து பார்த்தாள். புதன்கிழமை கிடாவைக் குளிப்பாட்டி முடித்து, ஊதாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அது அசையவில்லை. ஊதினாள். துலுக்கியது. "ஏலே, வெள்ளிக்கெழம காலை வாரிவிட்டுராதல" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கருப்புக் கார் வந்து நின்றது. சிவரஞ்சனிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, அவள் வரவில்லை. ராம்குமார் ஓட்டுகிறான். முன் சீட்டு சமுத்திரத்துக்கு. கார் கம்பெனி விதிப்படி அங்கே தான்தான் உட்கார வேண்டும் என்று கிளாட்வின் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. நடு வரிசையில் ஒரு ஓரம் வெள்ளத்தாய், மறு ஓரம் ஐயாதுரை, நடுவில் நசுங்கிக்கொண்டு கிளாட்வின்.

"ஆட்டைப் பின்னால வேற வண்டியில கொண்டுவரலாமே சார்? இது டெமோ கார்..."

"ஆடு ஏறாத காரு எங்களுக்கு எதுக்குத் தம்பி?" என்றார் சமுத்திரம். அதற்கு மேல் என்ன பேசுவது? கம்பெனியிலிருந்து வெட்டுத் துணி ஒரு சாக்கு கொண்டுவந்து மூன்றாவது வரிசை முழுக்க விரித்தார்கள். ரோஜாப்பூப் போட்ட நைட்டித் துணி. அதன் மேல் யோகேஸ்வரி போய் மடங்கினாள். அவள் ஏறியதும் கிடாவும் தானாக ஏறி, அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டது.

கார் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ச் சேருமுன்பே கிடா கிளாட்வினின் சட்டைக் காலரைச் சுவைத்துப் பார்த்துவிட்டது. அங்கே பால்கோவா வாங்க நிறுத்தியபோது, பின்னாலிருந்து பொலபொலவென்று ஒரு சத்தம் கேட்டது. கிளாட்வின் திரும்பிப் பார்த்தான். புழுக்கை. ரோஜாப்பூத் துணியைத் தாண்டி உருண்டுபோய் இரண்டு சீட்டு சந்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "ஏசப்பா" என்றான் மெதுவாக.

"சீட்டு அமுக்குதது போதலையே, இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க தம்பி" என்றாள் வெள்ளத்தாய்.

"மதினி, பின்னால காத்தே வரல" என்றாள் யோகேஸ்வரி.

"செத்த நேரம்தானட்டி."

"இந்தா வந்துருச்சு" என்றான் ராம்குமார். கிருஷ்ணன்கோவில் விலக்குக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. யோகேஸ்வரி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டாள். கொஞ்சநஞ்சம் இருந்த பாவ புண்ணியக் கணக்கும் அங்கே வைத்துத் தீர்ந்தது.

இருளப்பசாமி கோயில் மகாராஜபுரத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்த புளியந்தோப்பில் இருக்கிறது. பூசாரி கண்ணுச்சாமி காத்திருந்தார். பொங்கல் பொங்கி, மாலை போட்டு, கிடாவைச் சாமிக்கு எதிரே நிறுத்தினார்கள். வளர்த்தவள்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்பது முறை. யோகேஸ்வரி கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, கிடாவின் இடது பக்கமாக நின்றுகொண்டாள்.

"இருளப்பா! பிள்ளையள் கருப்புக் காரு வாங்கணும்னு ஆசைப்படுதுக. உனக்குச் சம்மதம்னா சொல்லு" என்று சமுத்திரம் கையெடுத்துக் கேட்டார்.

கண்ணுச்சாமி தண்ணீர் தெளித்தார். கிடா நின்றது. இன்னொரு முறை தெளித்தார். நின்றது. மூன்றாவது முறை கொஞ்சம் கோபமாகவே தெளித்தார். அது தினமும் குளிக்கிற பிள்ளை, கண்ணைச் சொக்கிக்கொண்டது.

"தண்ணி காணாது" என்று ராம்குமார் செம்பைப் பிடுங்கி முழுச் செம்பையும் அதன் தலையில் கவிழ்த்தான். தண்ணீர் தாடியிலிருந்து சொட்டியது. கிடா சுகமாக அசைபோட்டது.

"சாமிக்குப் பிரியமில்ல" என்றார் கண்ணுச்சாமி.

ராம்குமார் முகம் போன போக்கைப் பார்க்க யோகேஸ்வரிக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. "மாமா, வந்ததுதான் வந்தோம், வெள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

சமுத்திரம் கேட்டார். கண்ணுச்சாமி தெளித்தார். "சாமி, நல்ல வழியாக் காட்டுப்பா" என்று யோகேஸ்வரி கிடாவின் கழுத்தோடு சாய்ந்து கும்பிட்டாள். முந்தானை மறைவில், இடது காதில், 'ப்பூ'.

அடேயப்பா! அப்படி ஒரு துலுக்கை அந்தத் தோப்பு பார்த்திருக்காது. கொம்பிலிருந்து வால்வரைக்கும் சிலிர்த்து உதறியதில் மாலை ஒரு பக்கம் பறந்தது. மஞ்சள் தண்ணீர் முழுக்கக் கிளாட்வின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. பொங்கல் வைக்க வந்திருந்த பெண்கள் குலவை போட்டார்கள். கிளாட்வினுக்கும் சந்தோஷம்தான், எந்தக் காராக இருந்தால் என்ன, விற்றால் சரி.

வெள்ளத்தாய் மட்டும் குலவை போடவில்லை. "ஏட்டி, அது காதுல என்னட்டி சொன்ன?"

"நல்ல வழி காட்டுன்னேன் மதினி."

வெள்ளத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். தன் முதுகை அமுக்கிய சீட்டு கையை விட்டுப் போகிறது. அந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது? "சரி, வெள்ளைன்னா வெள்ளை. ஆனா ஒண்ணு இப்பமே பேசிக்கிடுவோம். அதுல நடுச் சீட்டு ரெண்டுதான். ஒண்ணு எனக்கு, ஒண்ணு இவியளுக்கு" என்று புருஷனைக் காட்டினாள். "யோகேஸ்வரியும் பிள்ளையும் எப்பவும் போலப் பின்னால."

"அக்கா, வண்டி புதுசு, கொஞ்சம் மாத்தி மாத்தி..." என்று ராம்குமார் வாயெடுத்தான்.

"ஏலே! கம்பெனி போர்டுல யாரு பேரு இருக்கு? நானா போயி ஆட்டுக்கூடப் பின் சீட்டுல உக்காரணும்?" வெள்ளத்தாய் சாமியைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இருளப்பசாமி சொல்லட்டும்! வெள்ளத்தாய் பின்னால போயி உக்காருன்னு சாமி சொல்லட்டும். இந்த நிமிசமே போயி உக்காருதேன்!"

கிடா சாமி முன்னால் நிற்கிறது. உடம்பெல்லாம் தண்ணீர். கேள்வி கேட்டாகிவிட்டது. எல்லோரும் கிடாவைப் பார்த்தார்கள்.

யோகேஸ்வரியின் வாய்க்கும் அந்தக் காதுக்கும் ஒரு சாண் தூரம் இல்லை. ஒரே ஒரு ஊது. பதினாலு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு ஊது. வாயைக் குவித்தேவிட்டாள். எதிரே இருளப்பசாமி அருவாளை ஓங்கிக்கொண்டு முழித்துப் பார்க்கிறார். ஒரு தடவை ஏமாற்றியாகிவிட்டது, இரண்டாவது தடவையுமா? பயந்துபோய் உதட்டைக் கடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கிடா துலுக்கியது.

யோகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. நான் ஊதவே இல்லையே! குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. கண்ணுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. சாமிதானா, காதில் தங்கிய தண்ணீர்தானா என்பது இருளப்பசாமிக்கே வெளிச்சம். ஆனால் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பயந்து கீழே விழுந்து கும்பிட்டவள் யோகேஸ்வரி ஒருத்திதான். சாமி குத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? "எம்புட்டு பக்தி பாரு" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள்.

"இது வாக்குச் சொன்ன ஆடு" என்றார் கண்ணுச்சாமி, வெட்ட எடுத்த அருவாளைத் திரும்ப உறையில் போட்டு. "கேட்ட மூணு கேள்விக்கும் மனுசன் மாதிரிச் சொல்லிருக்கு. எங்க ஐயா காலத்துல ஒருக்கா இப்படி நடந்துச்சாம். இதை வெட்டக்கூடாது. வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கோங்க."

யோகேஸ்வரி கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். கிளாட்வினுக்கும் அழுகை வரும்போல இருந்தது. "சார், வரும்போது ஆடு வராதுன்னு சொன்னீங்களே..."

இனி நடந்தது ஏற்றும் படலம். வெள்ளத்தாய் வாக்குத் தவறாதவள். அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. "இந்த நிமிசமே" என்று சாமி முன்னால் சொல்லியாகிவிட்டது. வெள்ளைக் கார் வரும்வரை காத்திருக்க வழியில்லை. கருப்பின் நடுச் சீட்டை மடக்கினார்கள். வெள்ளத்தாய் குனிந்தாள், பக்கவாட்டில் நுழைந்தாள், பாதியில் நின்றாள். மறுபக்கக் கதவு வழியாக ராம்குமார் கையைப் பிடித்து இழுக்க, பின்னாலிருந்து ஐயாதுரை முட்டுக்கொடுக்க, ஒரு வழியாக உள்ளே போய் மடங்கினாள். அவள் பக்கத்தில் கிடா ஏறி, ஆள் மாறியதைக் கண்டுகொள்ளாமல், அவள் தோளில் தாடையை வைத்தது.

யோகேஸ்வரி நடுச் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவை.

என்ன சொல்ல! தலைக்கு மேலே கண்ணாடி, அதற்கு மேலே மேற்கு மலை முழுசாக வந்து நின்றது. முகத்தில் குளுகுளுவென்று காற்று. வருகிற மரம், வருகிற பாலம், வருகிற பஸ் எல்லாம் வருவதற்கு முன்பே தெரிந்தது. கிளாட்வின் காட்டிய பொத்தானை அழுத்தினாள். சீட்டு அவள் முதுகைப் பிடித்து மெள்ள அமுக்கியது. இடுப்பு எலும்பில் எட்டு வருஷமாக இருந்த வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. ஐயோ, இந்தக் கார் இவ்வளவு நல்ல காரா!

"தம்பீ, பின்னால காத்தே வரலடா" என்று ஒரு குரல் கேட்டது.

யோகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "செத்த நேரம்தான் மதினி, பொறுத்துக்கோங்க. இந்தா வந்துருச்சு."

கார் கிருஷ்ணன்கோவிலிலேயே இன்னும் திரும்பவில்லை.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது இன்னதென்று அவளுக்குக் காதில் விழுந்தது. வேண்டுமென்று சொல்லவில்லை. பழிக்குப் பழியாகவும் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்தால் அது தானாக வருகிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

ராம்குமார் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். சரியான சமயம் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். "எப்படி இருக்கு சீட்டு? நெசத்தச் சொல்லு. நல்லாருக்குல்ல? இனி நடுவுலதான நீ இருக்கப்போற. பேசாம கருப்பையே எடுத்துருவோமா? வாக்குச் சொல்லுத ஆடு நம்ம வீட்டுலயே கெடக்கு. நாளைக்கு இன்னொருக்காக் கேட்டாப் போச்சு."

கேட்டால் போச்சுதான். அவளுக்குத்தானே தெரியும், ஓஸ் பைப்பும் ஒரு ஊதும் போதும். சீட்டு தோள்பட்டையை அமுக்கிக்கொண்டிருந்தது. யோகேஸ்வரி, உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், நன்றாகவே யோசித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தூரத்தில் விரல் அளவாகத் தெரிந்து, அவள் கண்ணெதிரே வளர்ந்து வளர்ந்து வந்தது. பதினாலு வருஷமாக இந்தப் பாதையில் போகிறாள். அது இப்படி எதிரே வரும் என்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

பின்னாலிருந்து சத்தமே இல்லை. வெள்ளத்தாய் சத்தம் போடாமல் ஒரு மைல் வருவதா? யோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். முழங்கால் தாடையை இடிக்க, கிடாவின் எச்சில் தோளில் ஒழுக, முகம் வெளுத்துப்போய், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வெள்ளத்தாய்.

யோகேஸ்வரி இடுப்பிலிருந்த எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறிப் பின்னால் நீட்டினாள். "மோந்துக்கோங்க மதினி. சன்னலப் பாக்காதீங்க, நேராப் பாருங்க. இந்தாங்க கேரிபேக்கு."

வெள்ளத்தாய் வெடுக்கென்று வாங்கி மோந்தாள். கொஞ்சம் மூச்சு வந்தது. அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பதினாலு வருசமா இப்படித்தானாட்டி வந்த?" என்றாள்.

"ஆமா மதினி."

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லட்டி?"

"சொன்னேனே மதினி. நீங்க முன்னால இருந்தீங்க, கேட்டிருக்காது."

ராம்குமார் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து ரோட்டைப் பார்த்தான். சமுத்திரம் இல்லாத தூசியை வேட்டியில் தட்டினார்.

"கிளாட்வின் தம்பி, வெள்ளையையே எழுதிக்கோங்க" என்றாள் யோகேஸ்வரி. "அவிய சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுதாவ. நாளைக்குப் பின்னால யாராச்சும் இருந்துதானே ஆகணும்."

"வெள்ளைதான்! வெள்ளைதான்!" என்று பின்னாலிருந்து வெள்ளத்தாய் கத்தினாள். "ஏலே ராம்குமாரு, கருப்புன்னு இன்னொரு தடவ வாயத் தொறந்த, போர்டுல இருந்து உன் போட்டோவை எடுத்துருவேன்!"

கிளாட்வின் டேப்லெட்டை எடுத்து வெள்ளை என்று தட்டினான். இருக்கை எண்ணிக்கை என்று கேட்டது. ஏழு என்று போட்டுவிட்டு, பின்னால் தன் காலரை நோக்கி நீண்ட மூக்கை ஒரு கையால் தள்ளினான்.

"தம்பி, செத்த நிப்பாட்டு. யோகு, நாம மாறி உக்காந்துக்கிடுவமாட்டி?" என்று வெள்ளத்தாய் ஈனக்குரலில் கேட்டாள்.

"மாறலாம் மதினி, எனக்கென்ன? சாமி வாக்காச்சேன்னுதான் பாக்கேன்" என்றாள் யோகேஸ்வரி.

வெள்ளத்தாய் மறுபடியும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டாள். ராஜபாளையத்துக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருந்தது. யோகேஸ்வரி பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினாள்.